நடுகல் வழிபாடு: வீரர்க்கு ஊர் செய்த சிறப்பு

திருக்கோயில்களுக்குச் செல்லும் அன்பர்கள் ஊரெல்லையிலோ ஏரிக்கரையிலோ வேப்பமரத்தின் அடியிலோ தனித்து நிற்கும் பலகைக் கற்களைக் கண்டிருப்பர். வில்லும் வாளும் ஏந்திய ஆடவன் ஒருவன் அக்கல்லிற் செதுக்கப்பட்டிருப்பான். அவன் மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கும். காலருகே பசுவின் உருவமோ, சிமிழும் கெண்டியுமோ காணப்படும். தலைக்குமேல் சில வரி எழுத்துகள் இருக்கும். ஊரார் அதற்கு மஞ்சள் பூசிப் பொங்கலிட்டு வழிபடுவர். யார் அவன் என வினவினால், காவல் தெய்வம் என்பர். அது பிழையான விடையன்று. ஆயினும் முழு விடையும் அன்று. ஒரு காலத்தில் அவன் அவ்வூரில் வாழ்ந்து, அவ்வூருக்காகப் பொருது இறந்த மனிதன்.

போரில் இறந்தாரைக் கல்லில் நிறுத்தும் இவ்வழக்கம் தமிழகத்தில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. புறத்திணையியலில் ஆசிரியர் இதனை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றார். நல்ல கல்லைத் தேர்ந்து காணுதல் காட்சி. அதனைக் கொணரத் தொடங்குதல் கால்கோள். கொணர்ந்த கல்லை நீராட்டுதல் நீர்ப்படை. பின்னர் அதனை உரிய இடத்தில் நாட்டுதல் நடுகல். அதற்குப் பெருஞ்சிறப்புடன் படையலிடுதல் பெரும்படை. கோயில் எடுத்தலையும் இதன்பாற் படுத்துவர். இறுதியாக அவ்வீரனைப் போற்றுதல் வாழ்த்து. குடமுழுக்கைக் கண்ட அன்பர்களுக்கு இவ்வரிசை புதிதாகத் தோன்றாது. புதிய திருமேனியை நீரில் வைத்துப் பின் பீடத்தில் எழுந்தருளச் செய்து, நைவேத்தியம் படைத்து, வாழ்த்தொலி எழுப்புதலை இன்றும் காண்கின்றோம் அன்றோ! ஒன்றிலிருந்து ஒன்று வந்தது எனத் துணிந்து கூறுதல் ஆராய்ச்சியாளர் பொறுப்பு. இரண்டும் ஒரே மனநிலையில் நின்று செய்யப்படுவன என்பதை மட்டும் ஈண்டுக் குறித்தல் போதும். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்னும் பெயர்களே காதைகளின் பெயர்களாய் அமைந்தன. வீரனுக்குரிய அம்முறை அங்கே கண்ணகி என்னும் பத்தினிக்கு ஆயிற்று. சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல் கொண்டு, கங்கையில் நீர்ப்படை செய்தான்.

சங்கப் புலவர் நடுகல்லைப் பல இடங்களிற் பாடியுள்ளனர். மயிற்பீலி சூட்டியும் செம்பூங்கண்ணி அணிந்தும், வேலும் பலகையும் சுற்றிலும் ஊன்றியும், நெல்லால் வடித்த கள்ளைப் படைத்தும் வழிபட்ட செய்திகளை அவர்தம் பாடல்களால் அறிகின்றோம். வழிச்செல்வோர் படித்து அறியுமாறு இறந்தவன் பெயரும் பெருமையும் கல்லில் எழுதப்பட்டன. மாங்குடி கிழார் ஒருபடி மேலே சென்று, பகைவர் முன் நின்று தடுத்து, களிற்றை எறிந்து வீழ்ந்தவனுடைய கல்லையன்றி நெல் தூவி வழிபடத்தக்க கடவுள் எங்களுக்கு வேறில்லை என்று புறநானூற்றிற் பாடினார். திருவள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற் குறளிலேயே, தன் தலைவன் முன் நின்று இப்போது கல்லாய் நிற்பவர் பலர் என்று ஒரு வீரன் பகைவரை எச்சரிப்பதாக அமைத்தார். கல்லில் நிற்பது பகைவனே ஆயினும் அது இழிவன்று என்பது அவ்வீரன் கூற்றிற் பொதிந்து கிடக்கின்றது.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய பாட்டோ நெஞ்சை உருக்குவது. அவனுக்கு நட்ட கல்லின் முன் பீலி சூட்டிச் சிறு கலத்தில் வடித்த நாரரி தேறலைப் படைக்கின்றனர். ஓங்கிய மலைகளையுடைய நாட்டையே பிறர் கொடுப்பினும் கொள்ளாதவன், இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று கேட்கின்றார் ஔவையார். சடங்கு முறைப்படி நடக்கின்றது. ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. சிறப்புச் செய்தல் என்பது துயரைத் தீர்த்துவிடாது என்பதை அறிந்தே அந்நாளையோர் அதனைச் செய்தனர் போலும். அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் அம்மாவட்டம் தலையாயது.

பாட்டிற் கண்டவை வெறுங் கற்பனையல்ல என்பதைக் கற்களே மெய்ப்பித்துள்ளன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டிப் பகுதியைச் சேர்ந்த புலிமான்கோம்பை என்னும் ஊரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. காலம் கிறித்துவுக்கு முற்பட்டது என அறிஞர் கணித்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பானுக்கு எழுப்பப்பட்டது. ஆகோள் என்பது பசுக்கவர்தல். தொல்காப்பியர் ஆண்ட அதே சொல் கல்லிலும் இருக்கக் கண்டபோது தமிழறிந்தார் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பிற்காலத்து நடுகற்களுள் செங்கம் பகுதிக் கற்கள் பெரும்புகழ் வாய்ந்தவை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றின் வாசகம் ஒரே முறையில் இயங்கும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து அவ்வட்டாரத் தலைவன் பெயர், அதன்பின் அவனுடைய சேவகன் இன்னான் இன்ன ஊரில் தொறுக் கொண்டபோது பட்டான் என்றோ, தொறு மீட்டுப் பட்டான் என்றோ வரும். 'கல்' என முடியும். தொறு என்பது மந்தை. இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இராது. மெய்க்கீர்த்தியின் அணியெல்லாம் அங்கே இல்லை. பேரரசர் பெயர் அக்கல்லில் நாட்கணக்குக் காட்டவே பயன்படுகின்றது. கல்லுக்கு உரியவனோ மந்தை காத்த ஒரு சேவகன்.

மந்தையைக் கவரச் சென்று இறந்தானுக்கும் கல் உண்டு. மீட்கச் சென்று இறந்தானுக்கும் கல் உண்டு. முன்னது வெட்சி, பின்னது கரந்தை. ஒவ்வோரூரும் தன் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது என்பதே இதன் பொருள். இக்காலத்து மனத்துக்குக் கவர்ந்தவனைப் போற்றுதல் சற்றே நெருடலாயிருக்கலாம். அக்காலத்து அரசியலில் ஆநிரை கவர்தல் களவன்று, போரின் முதற்படி.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் பொருது மடிந்தான். அவன் உருவத்துக்குப் பின்னே ஒரு நாய் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுத்துப் பொறித்துள்ளனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் ஒரு சிற்றூரார் தம் நாயின் பெயரை மறவாமல் கல்லில் ஏற்றினர்! விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலோ, போரிட்ட சேவலுக்கே கல் நட்டனர்.

கல் நடுதலோடு ஊரின் கடன் தீர்ந்துவிடவில்லை. இறந்தவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அன்றோ? அதற்காக அவன் மரபினர்க்கு நிலம் அளித்தனர். அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்றும் வழங்கினர். நெய்த்தோர் என்பது குருதி. கன்னட நாட்டிலும் நெத்தரு கொடகை என இதே பொருளில் ஒரு வழக்கு இருந்தது. குருதிக்கு ஈடாகப் பெற்ற நிலம் என்பதைப் பெயரே நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. அந்நிலத்தில் விளைந்த நெல்லை உண்ணும் பேரனுக்கு, தன் பாட்டன் யார் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரலாற்று நூல்களில் நடுகற்சிற்பத்துக்குக் கிடைத்த இடம் இந்நிலக்கொடைக்குக் கிடைக்கவில்லை. உண்மையில் இதுவே சிறப்பின் பாதி.

மீண்டு வந்த வீரர்க்கும் சிறப்புகள் இருந்தன. வாட்போரில் வென்று மீண்ட இளையோனுக்குப் பறை முழங்க நாட்டை அளித்து மகிழ்தலைப் பிள்ளையாட்டு என்று தொல்காப்பியர் கரந்தையிற் கூறுவார். ஏனாதி முதலிய பட்டங்களும், அவற்றுக்குரிய மோதிரமும் அரசர் வழங்கினர். இவையெல்லாம் வெற்றியின் களிப்பில் அளிக்கப்பட்டவை. களத்திலிருந்து மீண்டவன் பிறகு எவ்வாறு வாழ்ந்தான் என்று கேட்டால், சைவ மரபு இரு பெரியோரைக் காட்டும்.

ஒருவர் சிறுத்தொண்ட நாயனார். திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்திற் பிறந்த பரஞ்சோதியார், பல்லவர் படைத்தலைவராய் வாதாபி சென்று வென்று வந்தார். வாதாபி வீழ்ந்தது 642இல் என்பர். அவர் வெற்றிக்குக் காரணம் யாதென அரசவையில் வியந்தபோது, அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் உரைத்தனர். அதுகேட்ட அரசன் பதறி, உம் திருத்தொண்டின் நிலையறியாது போர்முனைக்கு அனுப்பினேனே, பொறுத்தருள்க என வேண்டினான் என்று சேக்கிழார் பெரிய புராணத்திற் கூறுகின்றார். பின்பு நிதிக்குவைகள் அளித்து, இனி உமக்கு உவப்பான தொண்டைச் செய்க என விடை கொடுத்தான். வென்று வந்த வீரனிடம் அரசன் மன்னிப்பு வேண்டிய இந்நிகழ்ச்சி, பிள்ளைக்கறிச் செய்தியின் பெருநிழலில் மறைந்து, பெரிதும் பேசப்படாமற் போயிற்று. வீரனுக்கு வேண்டியது பொன் மட்டுமன்று, போர் முடிந்தபின் தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் ஆம் என்பதை அவ்வரசன் அறிந்திருந்தான்.

மற்றொருவர் வரலாறு துயரம் மிக்கது. முதற் பராந்தக சோழர் தம் மூத்த மகன் இராசாதித்தரைத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் நிறுத்தியிருந்தார். சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரை அடுத்த பகுதியே அப்படையின் இருப்பிடம். அப்படைக்குத் தலைவர் மலைநாட்டைச் சேர்ந்த வெள்ளங்குமரன் என்பவர். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என இன்று வழங்கும் ஊரில் உள்ள சிவாலயத்தை அவர் 943இல் கற்றளியாக எடுப்பித்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. தேவாரத் திருமுண்டீச்சரம் அதுவே. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் படையோடு பெரும்போர் நிகழ்ந்தது. கங்க மன்னன் பூதுகன் கையால் இராசாதித்தர் யானைமீதிருந்தபடியே மாண்டார். ஆனைமேல் துஞ்சினார் எனச் சோழர் கல்வெட்டுகள் அவரைச் சுட்டும்.

அப்போர்க்களத்தில் வெள்ளங்குமரன் இல்லை. இருந்திருக்க வேண்டியவர், என்ன காரணத்தாலோ இல்லை. இதன் பிற்பகுதியைத் திருவொற்றியூர்க் கல்வெட்டால் அறிகின்றோம். கேரள நாட்டிற் பிறந்து, கற்று வல்லவராகி, இராசாதித்தருக்கு உயிர்த்தோழராய் இருந்த ஒருவர், அவரோடு களத்தில் இறக்கும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என வருந்தி உலகைத் துறந்தார். கங்கையாடினார். பின்பு திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்தின் தலைமை ஏற்றார். இவரும் வெள்ளங்குமரனும் ஒருவரே என்பது அறிஞர் துணிபு. தம் தலைவரைக் கொன்ற அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டிலேயே அவர்தம் துயரமும் பதிவாகியுள்ளது. திருவொற்றியூர் அன்று அவன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இறைவனுக்கு வழிபாடு நடைபெறப் பொன் அளித்து, அறத்தைத் தொடர்ந்தார் அப்பெரியார். அவருக்குப் பின்னும் அம்மடத்துத் தலைவர்கள் சதுரானன பண்டிதர் என்னும் பெயரையே தாங்கிவந்தனர். உயிர் பிழைத்தமையே சுமையாகிப் போன வீரர் எக்காலத்தும் உளர். அத்தகையோர் ஒருவருக்குப் பழிச்சொல் கூறாது இடமளித்தது திருக்கோயில் என்பதை நினைந்தால், கோயில் என்னும் சொல்லின் அகலம் விளங்கும்.

தக்கோலப் போரில் வென்றவர் தரப்பிலும் ஒரு கல் நிற்கின்றது. பூதுகனின் வீரன் மணலேரன் அப்போரிற் காட்டிய ஆண்மைக்குப் பரிசாக, தன் அரசனிடம் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. மணலேரன் கன்னட நாட்டு ஆதகூரில் சிவன் கோயிலின் முன் அதற்குக் கல் நாட்டி நிலமும் விட்டான். அந்நிலத்தை ஆளும் பூசகர் அக்கல்லுக்குப் பூசை செய்யாது உண்பாராயின் அந்நாயின் பாவம் அவரைச் சேரும் என்றும் எழுதுவித்தான். நாட்டையோ பொன்னையோ கேட்டிருக்கலாம்; நாயைக் கேட்டான்! இராசாதித்தரின் மரணத்தை உரைக்கும் தலையாய சான்றும் அக்கல்லே. அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கல்வெட்டுகளின் சொல்லாட்சியும் ஒன்றை உணர்த்தும். அரசர் இறந்தால் துஞ்சினார் என்பர். உறங்கினார் என்பது பொருள். வீரன் இறந்தால் பட்டான் என்பர். சுந்தர சோழரின் 9ஆம் ஆட்சியாண்டில் ஈழத்துப் போரில் இறந்த கொடும்பாளூர்ச் சிறியவேளாரைக் குறிக்கும் கல்வெட்டில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அரசர் பொன்மாளிகையில் துஞ்சினவர். தளபதியோ ஈழத்துப் பட்டவர். பட்டான் என்னும் சொல்லில் மழுப்பல் இல்லை. வெட்டுப்பட்டான், அம்பு பட்டான், உயிர் பட்டான் என அனைத்தும் அதில் அடங்கும்.

தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இக்கற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்பெறுகின்றன. ஒரு குடும்பத்தின் குலதெய்வமாய் விளங்குவனவும் உள. பெயர் மறைந்தது, பொங்கல் மறையவில்லை.

இக்காலத்திலும் இம்முறை வேறு வடிவில் தொடர்கின்றது. புதுதில்லியில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர்நீத்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்தம் பெயர்கள் கருங்கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. சிற்றூரான் பெயரைக் கல்லில் ஏற்றிய புலிமான்கோம்பை வழக்கம் அதுவே. 2020 சூன் திங்களில் கல்வான் பள்ளத்தாக்கில் வீழ்ந்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்கட்கு, மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. உதிரப்பட்டியின் இடத்தில் இன்று குடும்ப ஓய்வூதியமும், மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் நிற்கின்றன. 1949 முதல் திசம்பர் 7ஆம் நாள் கொடி நாளாகப் போற்றப்படுகின்றது. அன்று உண்டியலில் இடும் காசு வீரர் குடும்பங்களின் நலனுக்கே செல்கின்றது. அதனைக் கட்டாய வசூல் போலக் கருதி முகஞ்சுளிப்பார் சிலர். உதிரப்பட்டிக்கு நிலம் ஒதுக்கிய ஊரவை அவ்வாறு சுளித்திராது.

நடுகற்களின் இற்றை நிலையையும் கூறாதிருத்தல் இயலாது. சாலை விரிவாக்கத்தில் பெயர்த்தெறியப்பட்டனவும், துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் பயன்பட்டனவும் உள. இவை அறியாமையால் நேர்ந்தவை. பக்தியால் நேரும் கேடு வேறொன்று. ஆண்டுதோறும் எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பி எழுத்துகள் தூர்ந்துபோகின்றன. திருப்பணி என்னும் பெயரால் எனாமல் வண்ணம் பூசி, வீரனுக்கு மீசை தீட்டி, எழுத்திருந்த பகுதியைச் சிமெண்டால் மெழுகிவிடுவோரும் உளர். வழிபாடு செய்வோர் எழுத்துள்ள பகுதியை விடுத்து, பாதத்தில் மட்டும் மஞ்சளும் மலரும் இடலாம். எண்ணெய்ப் பிசுக்கைக் கம்பித் தூரிகையால் சுரண்டுதல் கூடாது. அமிலம் ஊற்றுதலும் கூடாது. திருக்கோயில் வளாகத்திலோ குளம் தூர்வாரும்போதோ எழுத்தோ உருவமோ உள்ள கல் வெளிப்பட்டால், அதனை இடம் பெயர்க்குமுன் செயல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவித்தல் வேண்டும். அவர்கள் வாயிலாகத் தொல்லியல் துறையினர் வந்து, கல் நின்ற இடத்தையும் அது நோக்கிய திசையையும் குறித்து, மசியொற்றிப் படி எடுப்பர். படித்தறிந்த வாசகத்தை ஒரு சிறு பலகையில் எழுதி அக்கல்லின் அருகே வைத்துவிட்டால், பொங்கலிட வரும் பெண்டிர் வேடியப்பனின் இயற்பெயரைச் சொல்லியே அழைத்து வழிபடுவர்.